ட்ரம் அன்ட் பேஸ் விழா நிகழ்வு: கூட்டுப் படைப்பு என்ற வகையில் ஒரு நோக்கு

கலை வடிவங்கள் சமூகத் தேவைகளினின்றும் தோன்றுகின்றன. அவற்றை மதிப்பிடும் அளவுகோல்களோ பெரும்பாலும் அவற்றுக்கு முந்திய வடிவங்களிலிருந்தே பெறப்படுகின்றன. ஆதலினாற் புதியதொரு வடிவம் தோன்றுந்தோறும் ‘இது கலைதானா?’ என்ற வினா எழுவது இயல்பே. இங்கிலாந்தில் 1990களில் உருப்பெற்று இன்று உலகின் பல பாகங்களிலும் திறந்தவெளி இசைவிழாக்களில் இடம்பெறும் ட்ரம் அன்ட் பேஸ் நிகழ்வும் இவ்வினாவுக்குத் தப்பவில்லை. மேடையில் நிற்பவர் பாடுவதில்லை. வாத்தியம் எதனையும் இசைப்பதுமில்லை. டி.ஜே. எனச் சுருக்கமாக வழங்கப்படும் அவர், பிறர் ஆக்கிய இசைத்தட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிடுகின்றார். ஆயிரக்கணக்கானோர் அவர்முன் கூடி ஆடுகின்றனர். இங்கு படைப்பாளி யார்? படைக்கப்பட்டது யாது? இவ்வினாக்களுக்கு விடை காணாது இந்நிகழ்வைப் புகழ்வதும் இகழ்வதும் திறனாய்வாகா.

விடை காண்பதற்கு இவ்விசையின் மூலப்பொருளை முதலில் நோக்குதல் வேண்டும். 1969ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் ‘த வின்ஸ்டன்ஸ்’ என்னும் குழுவினர் ஓர் இசைத்தட்டினை வெளியிட்டனர். அதன் முற்பக்கத்தில் இடம்பெற்ற ‘கலர் ஹிம் ஃபாதர்’ என்னும் பாடல் 1970இல் கிரமி விருது பெற்றது. பிற்பக்கத்தில் ‘ஏமன், பிரதர்’ என்னும் இசை இடம்பெற்றது. அதன் நடுவே ஏனைய வாத்தியங்கள் யாவும் ஓய்ந்துவிட, கிரெகரி கோல்மன் என்னும் கலைஞர் நான்கு ஆவர்த்தன அளவுக்குத் தனியே டிரம்ஸ் வாசிக்கின்றார். அது நீடிப்பது ஏறத்தாழ ஆறு அல்லது ஏழு விநாடிகளே. முற்பக்கம் காலப்போக்கில் மறக்கப்பட்டது. பிற்பக்கத்தின் அந்தச் சில விநாடிகள் நிலைத்தன. 1980களில் அமெரிக்க டி.ஜே.க்களின் தேவைக்காக வெளியிடப்பட்ட தொகுப்புத் தட்டொன்றில் அவ்விசை மீண்டும் இடம்பெற்றது. ‘சாம்பிளர்’ எனப்படும் மாதிரியெடுப்புக் கருவிகள் பரவலானபோது, அத்தாளத்தை வெட்டியெடுக்கவும், விரைவுபடுத்தவும், அடி அடியாகப் பிரித்து வேறு வரிசையிற் கோக்கவும் வழி பிறந்தது. ட்ரம் அன்ட் பேஸ் இசையின் அடித்தளமாக அமைந்த தாளத் துண்டுகளுள் முதன்மையானது இதுவேயாகும்.

மூலப்பொருள் அமெரிக்க நாட்டினதாயினும் அதற்கு உருக்கொடுத்த பண்பாட்டுச் சூழல் வேறு. இரண்டாம் உலகப் போரின் பின், குறிப்பாக 1948 தொடக்கம், கரிபியன் தீவுகளிலிருந்து பிரித்தானியாவுக்குக் குடிபெயர்ந்தோர், யமேக்கா நாட்டின் ‘சவுன்ட் சிஸ்டம்’ மரபினையும் உடன் கொண்டுவந்தனர். பெரும் ஒலிபெருக்கிகளைத் தெருவிலும் மண்டபத்திலும் அடுக்கி, ஒருவர் தட்டுக்களைத் தெரிந்து ஒலிக்கவிட, மற்றொருவர் ஒலிவாங்கியுடன் கூட்டத்தை நோக்கிப் பேசியும் பாடியும் நடத்திச் செல்வதே அம்மரபாகும். வயிற்றைத் தொடும் மந்தர ஒலி அதன் உயிர்நாடி. இலண்டனில் ‘ஹெவன்’ என்னும் விடுதியில் நடைபெற்ற ‘ரேஜ்’ இரவுகளில் பேபியோ, குரூவ்றைடர் ஆகிய இருவரும் மின்னிசை நடனத் தட்டுக்களையும் விரைவுபடுத்தப்பட்ட தாளத் துண்டுகளையும் இணைத்து ஒலிக்கச் செய்தனர். அவ்விணைப்பின்மீது யமேக்கா மரபின் மந்தர ஒலி படிந்தபோது ‘ஜங்கிள்’ என்ற வடிவமும், அதன் வளர்ச்சியாக ட்ரம் அன்ட் பேஸும் தோன்றின. 1995இல் வெளிவந்த கோல்டியின் ‘டைம்லெஸ்’ என்னும் தொகுப்பும், 1997இல் மேர்க்குரி பரிசு பெற்ற றொனி சைஸ், றெப்ரசென்ட் குழுவினரின் ‘நியூ ஃபோர்ம்ஸ்’ என்னும் தொகுப்பும் இவ்வடிவத்துக்கு இசையுலகின் அங்கீகாரத்தைப் பெற்றுக் கொடுத்தன. ஆயினும் இவ்விசையின் உண்மையான களம் தொகுப்பன்று, நிகழ்வேயாகும்.

இவ்விசையின் உருவ அமைப்பிற் குறிப்பிடத்தக்கது அதன் இருமைக் காலம். டிரம்ஸ் ஒலி நிமிடத்துக்கு 165 முதல் 180 வரையான அடிகள் என்ற கதியில் விரைகின்றது. 174 என்பது பொதுவான அளவு. ஆனால் அதன் கீழே ஓடும் மந்தர ஒலி பெரும்பாலும் அக்கதியின் அரைவாசியிலேயே, அதாவது 87 என்ற அளவிலேயே அசைகின்றது. மேலே பரபரப்பு, கீழே நிதானம். ஆடுபவர் விரைந்த கதியைப் பற்றித் துள்ளலாம். நிதானக் கதியைப் பற்றி அசையலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். ஒரே தாளத்தை முதலாங்காலத்திலும் இரண்டாங்காலத்திலும் பயிலும் முறையை அறிந்த தமிழ் வாசகருக்கு இது விளங்காத பொருளன்று. எனினும் ஒப்புமை உறவாகாது. கர்நாடக இசையிற் காலமாற்றம் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்த்திக் காட்டப்படுவது. இங்கோ இரு காலங்களும் ஒருசேர ஒலிக்க, அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை கேட்பவரின் உடலுக்கு விடப்படுகின்றது. கேட்பவரின் பங்களிப்பு இசையின் அமைப்பிலேயே இவ்வாறு இடம்பெற்றுவிடுகின்றமை மனங்கொள்ளத்தக்கது.

இனி டி.ஜே.யின் தொழிலை நோக்கலாம். ட்ரம் அன்ட் பேஸ் தட்டொன்று தனித்துக் கேட்பதற்காக மட்டும் ஆக்கப்படுவதன்று. மற்றொன்றுடன் இணைக்கப்படுவதற்காகவும் ஆக்கப்படுவது. அதன் தொடக்கப் பகுதியிலும் இறுதிப் பகுதியிலும் தாளமே மேலோங்கி நிற்கும். நடுவே எதிர்பார்ப்பு படிப்படியாக வளர்க்கப்பட்டு, ஒரு கணத்தில் மந்தர ஒலி முழுவலுவுடன் வந்து விழும். இதனை இவ்விசையுலகினர் ‘ட்ராப்’ என்பர். 174 என்ற கதியில் ஓர் ஆவர்த்தனம் 1.4 விநாடிக்குச் சற்றுக் குறைவாகவே நீடிக்கும். பதினாறு ஆவர்த்தனங்கள் 22 விநாடிகள். முப்பத்திரண்டு ஆவர்த்தனங்கள் 44 விநாடிகள். இக்கணக்குக்குள் நின்றே டி.ஜே. செயற்படுகின்றார். ஒலித்துக்கொண்டிருக்கும் தட்டினைக் கூட்டம் கேட்கையில், அடுத்த தட்டினை அவர் காதொலிக் கருவியிற் கேட்டு, இரண்டின் கதியையும் ஒன்றாக்கி, ஆவர்த்தனத்தின் முதலடியில் முதலடி பொருந்துமாறு அதனை உள்ளே விடுகின்றார். இரு மந்தர ஒலிகள் ஒருசேர ஒலித்தால் இரண்டுமே தெளிவிழக்கும் என்பதால், ஒன்றைத் தணித்து மற்றொன்றை உயர்த்துகின்றார். இவையனைத்தும் அரை நிமிடத்துக்குள் முடிதல் வேண்டும்.

இக்கலையில் விதந்துரைக்கத்தக்க திறன் வாய்ந்தவராகக் கருதப்படுபவர் அன்டி சி. 1992இல் ‘றாம் றெக்கோட்ஸ்’ வெளியீட்டகத்தை நிறுவியவர்களுள் ஒருவரான இவர், மூன்று சுழல்தட்டுக்களை ஒருசேரக் கையாள்வதிலும் ‘டபிள் ட்ராப்’ எனப்படும் இரட்டை வீழ்ச்சி முறையிலும் பெயர் பெற்றவர். இரு வேறு தட்டுக்களின் உச்சக் கணங்கள் ஒரே அடியில் வந்து விழுமாறு பல ஆவர்த்தனங்களுக்கு முன்னரே கணித்து அவற்றைத் தொடக்கிவிடுவதே இம்முறை. அவ்வாறு விழும்போது ஒன்றின் மந்தர ஒலி கேட்குமிடத்து மற்றொன்று மௌனமாகவும், அது ஓயுமிடத்து இது விடையிறுப்பதாகவும் அமையுமாயின், இரு தட்டுக்களிலும் இல்லாத மூன்றாவது ஓர் இசை பிறக்கின்றது. அம்மூன்றாவது இசையை ஆக்கியவர் எவர்? முதற்றட்டின் ஆசிரியருமல்லர், இரண்டாவதன் ஆசிரியருமல்லர். அது டி.ஜே.யின் படைப்பே.

தொகுத்தலும் வரிசைப்படுத்தலும் படைப்புச் செயலாகும் என்பது தமிழிலக்கிய மாணவர் அறியாததன்று. அகநானூற்றைத் தொகுத்தோர் ஒற்றைப்பட எண்ணிய பாடல்களைப் பாலைக்கும், இரண்டும் எட்டும் வருவனவற்றைக் குறிஞ்சிக்கும், நான்கு வருவனவற்றை முல்லைக்கும், ஆறு வருவனவற்றை மருதத்துக்கும், பத்து வருவனவற்றை நெய்தலுக்கும் ஒதுக்கினர். பாடல் எதனையும் அவர்கள் இயற்றவில்லை; எனினும் அந்த ஒழுங்கு ஒரு நோக்கினை வெளிப்படுத்துகின்றது. டி.ஜே.யோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றார். தொகையாசிரியர் பாடல்களை அடுத்தடுத்து வைத்தார். இவர் ஒன்றன்மேல் ஒன்றை வைக்கின்றார். அதனையும் ஆயுதமாக ஓய்வு நேரத்தையன்றிக் கேட்போரின் கண்முன் கழியும் கணத்தையே கொண்டு செய்கின்றார்.

ஆயின் இப்படைப்பு டி.ஜே.யுடன் முடிந்துவிடுவதில்லை. ஒலிவாங்கியுடன் உடன் நிற்கும் எம்.சி., தாளத்தின் இடைவெளிகளிற் சொற்களைப் பெய்து, கூட்டத்தின் மனநிலையை டி.ஜே.க்கும் டி.ஜே.யின் நோக்கத்தைக் கூட்டத்துக்கும் உணர்த்துகின்றார். கூட்டமும் வாளாவிருப்பதில்லை. ஒரு தட்டின் வீழ்ச்சி மிகவும் உவப்பளித்தால் ஆரவாரம் எழும், டி.ஜே. அத்தட்டினை நிறுத்திப் பின்னோக்கிச் சுழற்றி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குவார். யமேக்கா மரபிலிருந்து வந்த இவ்வழக்கம் ‘றீவைன்ட்’ எனப்படும். நிகழ்ச்சியின் ஓட்டத்தையே நிறுத்தும் அதிகாரம் கேட்போருக்கு வழங்கப்பட்டுள்ளமையை இது காட்டுகின்றது. ஆக, தாளத்தை வாசித்த டிரம்ஸ் கலைஞர், அதனை வெட்டிக் கோத்த தட்டாசிரியர், தட்டுக்களை இணைத்த டி.ஜே., சொல்லாற் பாலம் அமைத்த எம்.சி., உடலால் விடையிறுத்த கூட்டம் ஆகிய ஐவரின் கூட்டுப் படைப்பே இந்நிகழ்வு எனலாம்.

இக்கூட்டுப் படைப்பு இசைவிழா மேடைக்கு வரும்போது எவ்வாறு மாறுகின்றது? முதலில் வெளி மாறுகின்றது. விடுதியின் சுவர்களும் கூரையும் மந்தர ஒலியைத் திருப்பித் தந்து கேட்போரைச் சூழ்ந்து நிற்கச் செய்யும். திறந்த வயலில் அது பரந்து கரைகின்றது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் வேகத்திற் செல்வது. 174 என்ற கதியில் ஓர் அடியின் நீளம் 0.34 விநாடி. எனவே மேடையிலிருந்து ஏறத்தாழ 120 மீற்றர் தொலைவில் நிற்பவர், முன்வரிசையில் நிற்பவரைவிட ஒரு முழு அடி பிந்தியே தாளத்தைக் கேட்கின்றார். இடையே நிறுத்தப்படும் துணை ஒலிபெருக்கிகளும் மேடையொலி வந்துசேரும் நேரத்துக்கு இயையவே இயக்கப்படுவன. இதனாற் பெருங்கூட்டம் ஒரே கணத்தில் எழுவதில்லை. வீழ்ச்சியின் அடி முன்னிருந்து பின்னாக ஓர் அலையெனப் பரவிச் செல்கின்றது. கூட்டம் ஓருடல் ஆகின்றது என்று பலகாலும் கூறப்படும் கூற்று பௌதிக அடிப்படையிற் பிழையானது. அலையின் வெவ்வேறு இடங்களில் நிற்கும் பலர் ஒன்றே தம்மை அடைந்தது என அறிகின்றனர். அவ்வறிவிலேயே விழாவின் அழகு தங்கியுள்ளது.

இரண்டாவதாகக் காலம் மாறுகின்றது. அன்டி சி போன்றோர் விடுதிகளில் இரவு முழுவதும் தனியொருவராக நிகழ்த்துவதுண்டு. அங்கு ஏற்றமும் இறக்கமும், பழையதும் புதியதும், ஆரவாரமும் அமைதியும் இடம்பெற நேரமுண்டு. விழா மேடையிலோ பொதுவாக ஒரு மணி நேரமோ அதனைச் சற்றுக் கடந்தோ மட்டுமே வழங்கப்படுகின்றது. கேட்போரிற் பலர் ஒரு மேடையிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியில் நின்றவர்கள். மனம் சலித்தால் நகர்ந்துவிடுவர். அவர்களைப் பிடித்து நிறுத்தும் அவசரத்தில் டி.ஜே. உச்சங்களையே தெரிகின்றார். ஒரு தட்டின் வீழ்ச்சி முடிந்ததும் முடியாததுமாக அடுத்த தட்டின் வீழ்ச்சி வருகின்றது. 45 விநாடிக்கு ஒரு வீழ்ச்சி என்று கொண்டால் ஒரு மணி நேரத்தில் எண்பது உச்சங்கள். எண்பது உச்சங்கள் உள்ள இடத்தில் உச்சம் என்று ஒன்று இல்லை. மலைத்தொடர் முழுவதும் சிகரமாகிவிடின் அது மேட்டுநிலமேயன்றி மலையன்று.

இக்குறைபாட்டுடன் மற்றொன்றும் சேர்கின்றது. பெருமேடைகளிற் திரைக்காட்சியும் ஒளியும் தீப்பொறியும் இசையின் கணங்களுக்கு இயைய முன்கூட்டியே ஒழுங்குசெய்யப்படும்போது, தட்டுக்களின் வரிசையும் முன்கூட்டியே உறுதியாகிவிடுகின்றது. கூட்டத்தின் முகத்தைப் பார்த்து அடுத்த தட்டினைத் தெரியும் வழக்கம் அங்கு பயனற்றுப் போகின்றது. கதிகளைப் பொருத்தும் வேலையைக் கருவியே செய்துவிடும் இக்காலத்தில், டி.ஜே.யிடம் எஞ்சியிருக்கும் தனித்தன்மை தெரிவும் தருணமுமே. அவையும் முன்னரே முடிவாகிவிடின், ஐவரின் கூட்டுப் படைப்பிலிருந்து கூட்டம் வெளியேற்றப்பட்டுவிடுகின்றது. அது பங்காளி என்ற நிலையிலிருந்து பார்வையாளர் என்ற நிலைக்குத் தள்ளப்படுகின்றது.

எனினும் விடுதி உயர்ந்தது, விழா தாழ்ந்தது என முடிவுசெய்வது இலகுவானதும் பிழையானதுமாகும். திறந்தவெளிக்கும் இவ்விசைக்கும் உள்ள உறவு வணிகத்தாற் பின்னர் உண்டாக்கப்பட்டதன்று. 1992 மே மாதத்தில் காஸில்மோர்ட்டன் பொதுநிலத்தில் அனுமதியின்றி நடைபெற்ற இலவச விழாவில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் நாட்கணக்கிற் கூடியிருந்தனர். அதன் எதிரொலியாகப் பிரித்தானிய நாடாளுமன்றம் 1994இல் நிறைவேற்றிய குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டம், திறந்தவெளியில் இரவில் நூறு பேருக்கு மேற் கூடி உரத்த இசையுடன் நடத்தும் கூட்டங்களைக் கலைக்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு வழங்கியது. தடுக்கப்பட வேண்டிய இசை எத்தகையது என்பதை வரையறுக்க முயன்ற அச்சட்டம், திரும்பத் திரும்ப வரும் அடிகளின் தொடர்ச்சியையே அதன் அடையாளமாகக் கொண்டது. தாளத்தின் மீள்வருகையே சட்டத்தின் வாசகத்துள் இடம்பெற்றமை கலை வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும். உரிமம் பெற்ற நிகழ்ச்சிகளுக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. அடுத்த ஆண்டிலேயே, 1995இல், புகழ்பெற்ற கிளாஸ்டன்பரி விழா நடன இசைக்கெனத் தனிக் கூடாரம் ஒன்றை அமைத்தது. பொதுநிலத்தில் இலவசமாக ஒலித்தபோது குற்றமாகக் கருதப்பட்ட அடிகள், வேலியிட்ட நிலத்திற் கட்டணத்துடன் ஒலித்தபோது விழாவாயின.

இவ்வரலாற்றை மனங்கொண்டு நோக்கினால், விழா மேடையில் டி.ஜே. எதிர்கொள்ளும் பிரச்சினை வெறும் உத்திப் பிரச்சினையன்று என்பது புலனாகும். வேலிக்குள் அடங்கிய பின்னரும் கூட்டத்தின் பங்கினைக் காப்பாற்ற முடியுமா என்பதே அப்பிரச்சினை. முடியும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2018இல் அன்டி சி இலண்டன் வெம்பிளி அரங்கில் நிகழ்வு நடத்தியபோது, ஒரு ட்ரம் அன்ட் பேஸ் டி.ஜே.யின் பெயரில் மட்டும் அத்துணைப் பெரிய அரங்கு நிரம்பக் கூடும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. பெருங்கூட்டம் இவ்விசைக்குப் பகையன்று, அவசரமே பகை. சிறந்த விழா நிகழ்வுக்கு இலக்கணம் கூறவேண்டின் இவ்வாறு கூறலாம்: அது சில தட்டுக்களையேனும் முழுமையாக மூச்சுவிட அனுமதிக்கும்; வீழ்ச்சிக்கு முன்னுள்ள மௌனத்தை அஞ்சாது நீட்டும்; இரட்டை வீழ்ச்சியைச் சில தருணங்களுக்கென ஒதுக்கிவைக்கும்; புதிய தட்டுக்களின் நடுவே, முன்னோர் ஆடிய பழைய தாளத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, இளையோருக்கு அதன் வேரினை உணர்த்தும்; கூட்டம் கேட்கும்போது நிறுத்தித் திரும்பும்.

பழைய தாளத் துண்டு என்றதும் ஆய்வு மீண்டும் கிரெகரி கோல்மனிடமே வந்து சேர்கின்றது. அவர் வாசித்த அச்சில விநாடிகள் ஆயிரக்கணக்கான தட்டுக்களிற் பயன்படுத்தப்பட்டுள்ளன. விழா வயல்களில் அவ்வடிகள் ஒலிக்கும்போது எழும் ஆரவாரம் அவருக்கும் உரியது. ஆனால் அவர் அவற்றுக்காக உரிமத்தொகை எதனையும் பெறாது, 2006ஆம் ஆண்டு வறுமையிற் காலமானார். பதிப்புரிமைக்குரியவரான குழுத்தலைவர் றிச்சர்ட் ஸ்பென்சருக்கும் நெடுங்காலம் எதுவும் கிடைக்கவில்லை. 2015இல் இவ்விசையின் அன்பர்கள் தாமாகவே நிதி திரட்டி ஏறத்தாழ 24,000 பவுணை ஸ்பென்சருக்கு வழங்கினர். சட்டம் கேட்காத கடனைக் கேட்போர் தாமே ஒப்புக்கொண்டனர் என்ற வகையில் இது போற்றத்தக்கது. ஆயினும் தாளத்தை வாசித்தவர் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துவிட்டார்.

இவ்விடத்திலேயே கூட்டுப் படைப்பு என்ற கருத்து அதன் கடுமையான சோதனையை எதிர்கொள்கின்றது. ‘யாவரும் சேர்ந்து படைத்தது’ என்ற சொற்றொடர் இருவகையிற் பயன்படலாம். யாவருக்கும் உரியதை யாவருக்கும் அளிப்பதற்கு அது காரணமாகலாம். யாருக்கும் எதுவும் கொடாதிருப்பதற்குச் சாட்டாகவும் ஆகலாம். மாதிரியெடுப்பினைக் களவு என்று ஒதுக்கின், புதியதொரு சமூகம் தனக்குக் கிடைத்த துண்டுகளைக் கொண்டு ஆக்கிய அரியதொரு கலையை இழக்க நேரிடும். அதனைக் கேள்வியின்றிக் கொண்டாடின், ஐவருள் முதல்வரைப் பசியோடு விட்டுவிட்டு ஏனையோர் விருந்துண்டதாக முடியும். அழகியல் நிலையிற் கூட்டுப் படைப்பு என்று ஏற்றுக்கொள்ளப்படுவது, பெயர் குறிப்பிடுதலிலும் ஊதியம் பகிர்தலிலும் அவ்வாறே ஏற்றுக்கொள்ளப்படுதல் வேண்டும்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை கூறலாம். ட்ரம் அன்ட் பேஸ் விழா நிகழ்வு கலையே. அது ஒருவரின் கலையன்று என்பதே அதன் குறையாகக் கூறப்பட்டது. உண்மையில் அதுவே அதன் சிறப்பு. மேடையில் நிற்பவர் அச்சிறப்பைத் தமதென எண்ணி உச்சங்களை அடுக்கும்போது நிகழ்வு சிறுத்துவிடுகின்றது. தம்முன் நிற்பவர்க்கும் தமக்குமுன் வாசித்தவர்க்கும் இடையே தாம் ஒரு பாலமே என உணர்ந்து அவர் தட்டினைத் தெரியும்போது, 1969இல் ஒரு கலைஞர் சில விநாடிகள் வாசித்த தாளம் வயலின் கடைசி வரிசை வரை அலையாகச் சென்று சேர்கின்றது.